கேசெட்டில் நான் வெட்டிய மூச்சு

போன ஆவணியில் மரக்காணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் செட் என்னுடையது. பாட்டுப் போடுவதற்கு மட்டும் சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஒரு டி.ஜே.யை வரவழைத்திருந்தார்கள். தாடியும் தொப்பியுமாக வந்த அந்த ஆள் நல்ல மாதிரிதான், குறை சொல்ல முடியாது. என் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வயரைச் சொருகினான். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும்போது ஒரு தவில் சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே நாலு அடி, திரும்பத் திரும்ப.

"வாசிக்கிறவரு எங்க தம்பி?" என்று சும்மாதான் கேட்டேன்.

"இது சாம்ப்ளிங் அங்கிள். ஒரு தடவ சத்தத்தப் புடிச்சுட்டா போதும். வேண்டியத வச்சுக்கினு மிச்சத்த கட் பண்ணி லூப்ல வுட்டா அது பாட்டுக்கு ஓடும். ஆளே வேணாம்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஆளு வேணாமா? எந்தப் பேமானிடா சொன்னது ஆளு வேணாம்னு?" என்று கத்திவிட்டேன். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. பொண்ணு வீட்டார் எழுந்து நின்றார்கள். என் மகன் ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். "பிபி மாத்திர போட்டியாப்பா?" என்று கேட்டான். போட்டிருந்தேன். மாத்திரைக்கு அடங்குகிற கோபமாக இருந்தால் நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே அடங்கியிருக்கும்.

அவனுக்கும் நான் இதை முழுதாகச் சொன்னதில்லை. என் பெண்டாட்டிக்குப் பாதி தெரியும். இப்போது எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தொரு வயது. அப்பா இருமி இருமி வீட்டோடு கிடந்தார். அம்மாவின் உப்பளக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. நான் பத்தாவது தேறிவிட்டு, எந்த வேலைக்கும் போகாமல், தலைமுடியைக் காது வரைக்கும் வளர்த்துக்கொண்டு திரிந்தேன். பெருமையாகச் சொல்லவில்லை. தண்டச்சோறு என்று அப்பா இருமலுக்கு நடுவே சொல்லுவார். அதற்கு மட்டும் அவருக்கு மூச்சு போதும்.

உப்பளம் என்றால் வெள்ளைக் குவியலும் உப்பை இழுக்கிற வாருகோலும்தான் படத்தில் போடுகிறார்கள். அதற்கு முன்னால் நடக்கிற வேலையை யாரும் படம் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது சேறு. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகள் எல்லாம் கொழகொழவென்று கிடக்கும். தண்ணீரை வடித்து, களிமண்ணைச் சமன் செய்து, காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். எட்டுப் பெண்கள் தோளோடு தோள் பிடித்து வரிசையாக நிற்பார்கள். ஒரே நேரத்தில் கால் தூக்கி, ஒரே நேரத்தில் வைத்து, அடி அடியாகப் பக்கவாட்டில் நகர்வார்கள். ஒருத்தி தாளம் தப்பினால் அந்த இடம் இளகிப்போகும், தண்ணீர் கீழே இறங்கும், உப்பு கறுப்பாக வரும். தாளம் தப்பாமல் இருக்க ஒருத்தி குரல் கொடுப்பாள். எங்கள் பக்கத்து அளத்தில் அந்தக் குரல் அம்மாவுடையது.

அம்மா வரிசையின் முதல் ஆள். "எடு காலு, வையி காலு, எடு காலு, வையி காலு" என்று தொடங்குவாள். அப்புறம் வாய்க்கு வந்ததைக் கட்டுவாள். மாமியார் சண்டை, ரேஷன் மண்ணெண்ணெய், எதிர்க்க வருகிற ஆள், எல்லாம் வரும். நடுவில் திடீரென்று "நில்லுங்கடீ!" என்பாள். எட்டுப் பேரும் நின்றுவிடுவார்கள். மூச்சு வாங்குவார்கள், குதிகால் வெடிப்பில் ஏறின சேற்றை வழிப்பார்கள். பத்து எண்ணுகிற நேரம்தான். அப்புறம் மறுபடியும் "எடு காலு". எப்போது நிற்கச் சொல்லுவாள் என்று கணக்கே கிடையாது. அவள் பாட்டுக்கு வரிசையைத் திரும்பிப் பார்ப்பாள், சொல்லுவாள். மேஸ்திரி வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பான். அம்மா குரலை நிறுத்தினால் அவனாலும் எதிர்த்துப் பேச முடியாது, ஏனென்றால் அவள் நிறுத்தி நிறுத்தி மிதித்த பாத்திதான் நன்றாக இறுகும். அந்த ஒரு இடத்தில் அம்மாதான் ராணி. வீட்டில் கிடையாது, தெருவில் கிடையாது, ரேஷன் கடையில் கிடையவே கிடையாது. அந்தச் சேற்றில்தான்.

எனக்கு அதெல்லாம் அப்போது கண்ணில் படவேயில்லை. எனக்குப் பைத்தியம் வேறு.

ஊரெல்லாம் டிஸ்கோ. ஜிகினாச் சட்டை, நெற்றியில் ரிப்பன், முட்டி இறுகின பேண்ட். நாங்கள் நாலு பேர் ஒரு குரூப் வைத்திருந்தோம். விசேஷங்களில் ரெக்கார்டு டான்ஸ் ஆடுவோம். மூவர் ஆடுவார்கள், நான் ஆடவும் ஆடுவேன், பாட்டும் நான்தான் சேர்ப்பேன். பிரச்சினை என்னவென்றால், ஒரு பாட்டில் ஆடத் தோதான இடம் முக்கால் நிமிஷம்தான் வரும். டிரம்மும் கைதட்டலும் மட்டும் ஓடுகிற இடம். அதற்குள் மூச்சைப் பிடித்து ஆடிவிட்டால் அப்புறம் பாடகர் வந்து இழுப்பார், நாங்கள் முழிப்போம்.

அதற்கு வழி காட்டினவர் கோட்டக்குப்பத்தில் கேசெட் கடை வைத்திருந்த பாய். அவருடைய தம்பி துபாயிலிருந்து அனுப்பின டபுள் டெக் டேப் ரெக்கார்டர் கடையில் பட்டுத்துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் கேசெட்டை ஓடவிட்டு மறுபக்கம் பதியலாம். டிரம் வருகிற இடத்தைப் பதிந்து, ஓட்டத்தை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டனை அமுக்கி, முதல் கேசெட்டைப் பின்னால் சுற்றி, சரியான அடியில் பாஸை விடுவித்து, மறுபடியும் அதையே பதிய வேண்டும். கை ஒரு இம்மி தவறினால் தாளம் நொண்டும். எனக்குக் கை தவறாது. முக்கால் நிமிஷத்தை நாலு நிமிஷமாக ஆக்குவேன். பாய் அசந்துபோவார்.

"மாஷா அல்லா, இன்னா கையிப்பா ஒனக்கு!" என்பார். ஒரு நாள் சொன்னார், "என் தம்பி லெட்டர் போட்ருக்கான். வெளிநாட்ல ஒரு மெஷின் வந்திருக்குதாம். நாய் கொலைக்குறத புடிச்சு உள்ள வச்சுட்டா, ஆர்மோனியம் கட்டை மாதிரி அமுக்குனா நாய் ராகம் போட்டுக் கொலைக்குமாம். கண்ணாடி ஒடையிற சத்தத்துல தாளம் போடலாமாம். ஒரு வீடு வெல சொல்றாங்களாம்."

நான் அன்றைக்குத் தூங்கவில்லை. எந்தச் சத்தத்தையும் பிடிக்கலாம் என்றால், எல்லோரும் ஆடுகிற அதே டிரம் எனக்கு எதற்கு? எங்கள் ஊரில் எது தப்பாமல் அடிக்கிறது என்று யோசித்தேன். எட்டு ஜோடிக் கால்.

மார்கழி முடியும் சமயம், பாயிடம் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு அளத்துக்குப் போனேன். அம்மாவுக்கு வெட்கமும் சந்தோஷமும். மகன் முதல் முறையாக வேலை செய்கிற இடத்துக்கு வந்திருக்கிறான். வரிசையின் நடுவில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, "ரேடியோவுல வருமாடா?" என்று கேட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஊறுகாய் கொடுத்தவள். "வரும்க்கா, நீ காலத் தூக்கி வையி" என்றேன். சேற்றில் எட்டுக் கால் ஒன்றாக விழுகிற சத்தம் 'தொப்' என்று பதிந்தது. மேஸ்திரி அன்றைக்குக் கணக்குப் பார்க்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தான். அந்தத் தைரியத்தில் அம்மா கட்டினாள்:

"எடு காலு, வையி காலு,
மேஸ்திரி நெழலு கொடைக்குள்ள,
எங்க நெழலு சேத்துக்குள்ள..."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பதிந்தது. அப்புறம் "நில்லுங்கடீ!" அதுவும் பதிந்தது, அதற்குப் பிறகு எட்டுப் பேரும் மூச்சு வாங்குகிறதும்.

கோட்டக்குப்பத்தில் நான்கு நாள் உட்கார்ந்து வெட்டினேன். டிஸ்கோவுக்கு நிற்கக்கூடாது. நின்றால் ஆடுகிறவன் கால் குளிர்ந்துபோகும், கூட்டம் கலையும். எனவே "நில்லுங்கடீ" வந்த இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். மூச்சு வாங்கும் இடங்களை எடுத்துவிட்டேன். "எடு காலு, வையி காலு" முடிந்த அடியிலேயே அடுத்த "எடு காலு" தொடங்கும்படி ஒட்டினேன். கேட்டால் எட்டுப் பெண்கள் நிற்காமல் மிதிக்கிற மாதிரி இருந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தால் அந்தத் தலையைச் சுவரில் மோத வேண்டும் போல இருக்கிறது.

காணும் பொங்கல் அன்று மாலை, வெயில் தாழ்ந்ததும், ஏரிக்கரை மைதானத்தில் ஆடினோம். கூம்பு ஸ்பீக்கரில் அம்மாவின் குரல். ஜனங்களுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் விசில் பறந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, "அய்யய்யோ, நம்ம அளத்துக் கொரலுடீ!" என்று ஒரே கூச்சல். மேஸ்திரி நிழல் குடைக்குள்ளே என்ற அடியை வேண்டுமென்றே பன்னிரண்டு தடவை ஒட்டியிருந்தேன். சிரிப்புக்காக. ஒவ்வொரு தடவைக்கும் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. மேஸ்திரி முன் வரிசையில், பெண்டாட்டி பிள்ளைகளோடு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது தடவையிலேயே ஒருவன் அவன் தலைமேல் குடையைப் பிடித்துக் காட்டினான்.

அவன் எழுந்து போனதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஆடினேன். பொறுக்கிக் கழுதை நான்.

மறுநாள் காலையில் அம்மா அளத்துக்குப் போனாள், அரைமணியில் திரும்பி வந்தாள். தூக்குவாளியைத் திறந்து கொண்டுபோன கூழை அப்பாவுக்கு ஊற்றினாள். எனக்குப் பதில் சொல்ல அவளுக்கு மனமில்லை, அப்பா கேட்டதற்குத்தான் சொன்னாள்: "இனிமே வராதன்னுட்டான். ஓம் புள்ள டான்சு ஆடிச் சோறு போடுவான், போன்னுட்டான்."

எனக்கு ஆத்திரம் மேஸ்திரி மேல்தான் வந்தது. ஒரு வரிப் பாட்டுக்கு ஒருத்தி பிழைப்பைப் பிடுங்குவானா? அளத்துக்கே போய்ச் சண்டைக்கு நின்றேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகப் பேசினான்.

"ஏம்பா, எனக்கின்னா ஒங்கம்மா மேல கோவமா? ஊரே என்னப் பாத்து சிரிக்குது. நீ ஒண்ணு பண்ணு. என்னப் பத்தி பாடுனத எடுத்துட்டு, நல்ல கேசெட்டா ஒண்ணு போட்டுக் குடு. நாலு பேருக்குப் போட்டுக் காட்றேன், இந்தப் பொம்பள அப்பிடியெல்லாம் பாடலன்னு. அப்புறம் ஒங்கம்மா வரட்டும்."

நம்பினேன். சத்தியமாக நம்பினேன். பாய் கடைக்கு ஓடினேன். இந்த முறை கேலியை எல்லாம் எடுத்தேன், மாமியாரை எடுத்தேன், மண்ணெண்ணெயை எடுத்தேன், சிரிப்பை எடுத்தேன். "எடு காலு, வையி காலு" மட்டும் மிஞ்சியது. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம், இரண்டு பக்கமும் நிரப்பினேன். "நில்லுங்கடீ"யைத் திரும்ப வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏற்கெனவே வெட்டின கேசெட்டிலிருந்துதான் எடுத்தேன். அதில் அது இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, அம்மாவைக் கூப்பிட மேஸ்திரி ஆள் விடவில்லை. அம்மா பிரம்மதேசம் பக்கம் அறுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அளத்தை ஒட்டின ரோட்டில் நடக்கும்போது அம்மா சட்டென்று நின்றாள்.

"எடு காலு, வையி காலு."

வரப்பின்மேல், மேஸ்திரியின் குடைக்குக் கீழே, ஒரு டேப் ரெக்கார்டர். ஏழு பெண்கள் தோள் பிடித்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் இடத்தில் யாரும் இல்லை. தாளம் துளி பிசகவில்லை. நான் ஒட்டினதாயிற்றே, பிசகுமா?

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நா எங்கடா நிக்க சொல்லுவேன்?"

டேப் பாடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் சொல்லக் காணமே. எங்க வச்சிருக்க அத?"

"எடுத்துட்டேம்மா" என்றேன். "டான்சுக்கு ஆவாதுன்னு."

அவள் என்னை அடிக்கவில்லை. ரோட்டிலிருந்து இறங்கி வரப்புக்கு ஓடினாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஐம்பதை நெருங்கின பொம்பளை, அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஓடும்போதே "நில்லுங்கடீ! நில்லுங்கடீ!" என்று கத்தினாள். எதிர்க்காற்று. டேப்பில் அவள் குரலே பெரிதாக இருந்தது. அவள் கத்தினதை அவள் குரலே அமுக்கிவிட்டது.

அவள் போய்ச் சேர்வதற்குள் வரிசையின் நடுவில் பக்கத்து வீட்டு அக்கா மடங்கி விழுந்தாள்.

அக்காவுக்கு மூன்று மாதம். நாலு வருஷம் கழித்துத் தங்கினது. நிலைத்த பிறகு சொல்லலாம் என்று புருஷனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதுவும் அவள் சொல்லித் தெரியவில்லை. வரிசையைத் திரும்பிப் பார்க்கும்போது அவள் முகம் வெளுப்பதைப் பார்த்து அம்மாவே கண்டுபிடித்திருக்கிறாள். அந்த மார்கழி முழுக்க அம்மா நிற்கச் சொன்னதில் பாதி அவளுக்காக. நான் டிஸ்கோவுக்கு ஆகாது என்று வெட்டி எறிந்தது அதைத்தான்.

ஏன் உட்காரவில்லை என்று ஊரில் கேட்டார்கள். கேட்கிற நாக்கு அழுக. மேஸ்திரி "கேசெட்டு முடியிற வரைக்கும் எவளும் தோளு விடக்கூடாது" என்று சொல்லியிருக்கிறான். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டிருக்கிறான். ஒருத்தி கையை விட்டால் இரண்டு பக்கமும் சரியும், பாத்தி கெடும், ஏழு பேருக்கும் அன்றைய கூலி போகும். மனுஷி குரல் கொடுத்தால் அவளிடம் "அக்கா, முடியல" என்று சொல்லலாம். கேசெட்டிடம் என்னத்தைச் சொல்வது?

லாரி ஒன்றை மறித்துப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா பிழைத்தாள். குழந்தை இல்லை.

மேஸ்திரி சொன்னான்: "வயித்துல இருக்குதுன்னு எனக்கெப்பிடிமா தெரியும்? சொல்லியிருந்தா விட்ருப்பேன்ல?" எல்லோரும் கேட்கும்படி, கையை விரித்துக்கொண்டு. அவன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுத எழுத்து கிடையாது. செத்துப்போய் இருபது வருஷம் ஆகிறது, இன்னும் கோபம்தான்.

மறுநாளிலிருந்து ஆறு பெண்களும் பாத்தியில் இறங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. "அவங்க வந்து குரல் குடுத்தாத்தான் காலு வப்போம்" என்று அம்மாவைச் சொல்லி ஒரே பேச்சு. தை தேய்ந்துகொண்டிருந்தது. மிதிக்காத பாத்தியில் உப்பு எடுக்க முடியாது. ஒன்பதாம் நாள் மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். குடை இல்லை.

"வாம்மா. பழச எல்லாம் மனசுல வச்சுக்காத."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வரேன். அந்த டேப்பு, கேசெட்டு ரெண்டும் நாளைக்கு ஒரு நாளு அங்கயே இருக்கட்டும். ஒரு ஆளு மிதிக்க வேண்டியதிருக்குது."

எந்த ஆள் என்று அவன் கேட்கவில்லை. நான் கேட்க வேண்டியதே இல்லை.

காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, அக்காவும் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அம்மாதான் போய் அழைத்து வந்திருக்கிறாள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்தேன், குதிகால் வெடிப்பில் இன்னும் களிமண் இருந்தது.

"எறங்குடா" என்றாள் அம்மா.

பேண்டை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தை மாதச் சேறு, எலும்புக்குள் குளிர் ஏறியது. அம்மா தன் கையால் டேப்பை அமுக்கினாள். "எடு காலு, வையி காலு."

மிதித்தேன். முதல் ஐந்து நிமிஷம் கஷ்டம் தெரியவில்லை. நான் ஆடுகிறவன்தானே. களிமண் காலைக் கவ்வும். ஒவ்வொரு முறையும் பிடுங்கி எடுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் தொடை எரிந்தது. தாளம் கொஞ்சமும் தளரவில்லை, ஏனென்றால் தளராமல் இருப்பதற்காக நான் நாலு நாள் உட்கார்ந்து உழைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் எங்கோ கீறலில் ஏறிச் சுள்ளென்றது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நின்றால் அம்மா, "கொரலு நிக்கலியே, நீ ஏன் நிக்கிற?" என்றாள். நெஞ்சு அடைத்தது. ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு நிதானமாக வாங்க இடம் கிடைக்குமா என்று ஒவ்வொரு அடியிலும் காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. அந்தக் கேசெட்டில் எங்குமே இல்லை. அது எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

முப்பது நிமிஷம் முடிந்து டக்கென்று நின்றது. நான் அப்படியே சேற்றில் முட்டி போட்டேன்.

அம்மா கேசெட்டை வெளியே எடுத்தாள். திருப்பினாள். மறுபடியும் உள்ளே போட்டாள்.

"அம்மா, வேணாம்மா" என்றேன். இருபத்தொரு வயது ஆம்பிளை, எட்டுப் பெண்கள் முன்னால் அழுதேன். "நிறுத்தும்மா. செத்துடுவேன் போலக்குது."

"எங்கிட்ட ஏண்டா கேக்கற? நானா கொரலு குடுக்கறேன்? அதங்கிட்ட கேளு."

அவளுக்கும் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். நான் எழுந்து மிதித்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. மேஸ்திரி தூரத்தில் ஷெட் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனை இறக்க யாராலும் முடியவில்லை. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. இறங்கினது நான் ஒருத்தன்தான்.

இரண்டாவது பக்கம் பாதி போயிருக்கும். அக்கா போர்வையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். மெதுவாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, டேப் ரெக்கார்டரின் முன்னால் குந்தினாள். எந்தப் பட்டன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றைத் திருகினாள், பாட்டு இன்னும் பெரிதாகக் கேட்டது. இன்னொன்றை அமுக்கினாள். கடைசியில் கையில் கிடைத்ததையெல்லாம் அமுக்கி அமுக்கி அதை நிறுத்தினாள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் எடுத்தேன்.

"ஒனக்காக நிறுத்தலடா" என்றாள், என்னைப் பார்க்காமல். "என்னால அதக் கேக்க முடியல."